அமைச்சர் சொன்னால் சட்டமா? வாசகர் கேள்வி பதில்

கே: இலங்கையில் ஒழுங்குவிதிச் சீர்திருத்தத்துக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தால், அவர் நினைத்தபடி ஒரு சட்டத்தை நீக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

ப: முடியாது. சட்டத்தை நீக்குவது பாராளுமன்றம். அமைச்சர் தன் பொறுப்பிலுள்ள சட்டம் தரும் அதிகாரத்துக்குள் ஒழுங்குவிதி, அதாவது அந்தச் சட்டத்தின் கீழ் வரும் விதி, ஆக்கலாம், திருத்தலாம். வேறு அமைச்சின் விடயமென்றால் அமைச்சரவைக்குப் பத்திரம் சமர்ப்பிக்கலாம், அவ்வளவுதான்.

கே: இனி அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அமைச்சர் கூட்டத்தில் சொன்னார். அதை நம்பி நான் புதுப்பிக்கவில்லை. இப்போது வழக்கு என்கிறார்கள். (அரிசி ஆலை உரிமையாளர், செங்கலடி)

ப: எந்த அனுமதிப்பத்திரம் என்றே நீங்கள் எழுதவில்லை. வியாபார அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச சபை. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்றால் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். இரண்டுக்கும் வழி வேறு. இதைக்கூடச் சொல்லாமல் கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது?

மேடைப்பேச்சு சட்டமாகாது. எத்தனை தடவை எழுதினாலும் நம் ஆட்கள் பத்திரிகைத் தலைப்பைத்தான் நம்புகிறார்கள். ஒழுங்குவிதி, அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானியில் வர வேண்டும். வெளிவந்த நாளிலிருந்தோ, அதில் குறித்த பிந்திய நாளிலிருந்தோதான் அது செல்லும். பிறகு பாராளுமன்ற அங்கீகாரமும் வேண்டும். பாராளுமன்றம் மறுத்தால் அன்றோடு அது ரத்து; அதுவரை அதன்படி செய்தவை செல்லும். பேசியவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விடுவார், நீதிமன்றப் படியேறுவது நீங்கள். "அமைச்சர் சொன்னார்" என்பது நீதவானிடம் எடுபடாது. இன்றே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தவணைக்கு முன் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

கே: ஒழுங்குவிதிக்குப் பிரதி அமைச்சரின் கையெழுத்து போதுமா? (அக்கரைப்பற்று)

ப: அமைச்சர் அந்த அதிகாரத்தை வர்த்தமானி அறிவித்தல் மூலம் அவரிடம் ஒப்படைத்திருந்தால் போதும். வர்த்தமானியைப் பாருங்கள்.

கே: வர்த்தமானி எங்கே கிடைக்கும்? (திருக்கோவில்)

ப: அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில், இலவசமாக. தமிழ்ப் பிரதியைத் தேடி எடுங்கள். வேறு மொழியில் யாரோ வாசித்துச் சொன்னதை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

கே: மீன்பிடி அனுமதி விதிகளை இலகுவாக்கும்படி அமைச்சருக்கு எழுதினேன். மாதக்கணக்கில் பதிலில்லை. (வாழைச்சேனை)

ப: பதிவுத் தபாலில் அனுப்பினீர்களா? பிரதி வைத்திருக்கிறீர்களா? எப்போதும் அமைச்சின் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அமைச்சரின் பணிப்புக்கு அமையத் திணைக்களங்களை மேற்பார்வை செய்பவர் அவர்தான். கடிதத்துக்கு என்ன ஆயிற்று என்பதை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அமைச்சின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள், அதாவது ஏறக்குறைய மூன்று வாரத்தில், அவர் சொல்லியாக வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கும் பிரதி வையுங்கள்.