20 சதவீதம்தானே என்று இருந்துவிடாதீர்கள்

கேள்வி: போன அக்டோபரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். செல்போனில் இடிமழை வாய்ப்பு 20% என்று காட்டிய நாளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. 60% காட்டிய நாளோ தூறலோடு போயிற்று. எதை நம்பிக் குழந்தையை வெளியே விளையாட விடுவது?

பதில்: உங்கள் இடத்தில் கால் மில்லிமீட்டர் மழையாவது விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அந்தச் சதவீதம் சொல்கிறது. எவ்வளவு பலமாக அடிக்கும் என்பது அதில் இல்லை. தூறலுக்கும் கூரையைப் பிய்க்கும் புயலுக்கும் அதன் கணக்கில் வித்தியாசம் கிடையாது.

ஒமாஹா மிஸௌரி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே மெக்ஸிகோ வளைகுடா வரை காற்றைத் தடுக்கப் பெரிய மலை எதுவும் இல்லை. வசந்த காலத்தில் வளைகுடாவின் ஈரக்காற்று தரையோடு ஊர்ந்து வரும். மேற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் படரும். மூடி கடைசிவரை தாங்கினால் ஒரு சொட்டு மழை இருக்காது. சாயங்காலம் ஓரிடத்தில் அது உடைந்தால், பகலெல்லாம் சேர்ந்த வெக்கை அத்தனையும் அந்த வழியாக மேலே பாயும். ஆலங்கட்டியும் டொர்னேடோ எனும் சூறாவளியும் அப்போதுதான். உடையுமா உடையாதா என்ற சந்தேகத்தால்தான் அப்படிப்பட்ட நாட்களில் எண் சிறியதாக இருக்கிறது.

அந்த மூடியின் கனத்தை அளக்கத்தான் தேசிய வானிலைச் சேவையின் ஒமாஹா அலுவலகம் தினமும் இரண்டு முறை அளவுக்கருவி கட்டிய பலூனை வானில் விடுவது வழக்கம். 2025 மார்ச்சில், சூறாவளிப் பருவம் தொடங்கும் நேரத்தில், ஆள் பற்றாக்குறை என்று அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். உயிர் காக்கும் வேலையிலா மிச்சம் பிடிப்பது? இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. காலையில் அந்த அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்து, படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். 'வாட்ச்' என்றால் புயல் உருவாகச் சூழ்நிலை தோதாக இருக்கிறது என்று பொருள். அன்று குழந்தை வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். 'வார்னிங்' என்றால் புயல் வந்துவிட்டது, உடனே பேஸ்மென்ட்டுக்குப் போங்கள். 2024 ஏப்ரல் 26 அன்று ஒமாஹாவின் மேற்கே உள்ள எல்க்ஹார்ன் பகுதியை இஎஃப்-4 எனும் மிகக் கடுமையான வகைச் சூறாவளி தாக்கியது. வீடுகள் தரைமட்டமாயின, ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது, மக்களும் அதை மதித்தார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சூறாவளி வார்னிங் வந்தால் போன் தானாக அலறும். கடும் இடிமழை வார்னிங் எல்லாவற்றுக்கும் அது அலறாது. காற்று மணிக்கு 80 மைலைத் தொட வேண்டும், இல்லையென்றால் ஆலங்கட்டி 2.75 அங்குலம், அதாவது பேஸ்பால் அளவு இருக்க வேண்டும். ஆனால் 58 மைல் காற்றோ 1 அங்குல ஆலங்கட்டியோ இருந்தாலே அந்த வார்னிங் கொடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குப் போன் வாயே திறக்காது. எலுமிச்சை அளவு ஆலங்கட்டி அந்த இடைவெளியில்தான் வருகிறது. குழந்தையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? அதனால் எல்லா வார்னிங்கையும் ஒலிபரப்பும், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆலங்கட்டி விழுந்த வீடு என்றால் கூரைக்காரர்கள் கதவைத் தட்டியே தீருவார்கள். "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம், டிடக்டிபிளை நாங்களே கட்டுகிறோம்" என்பார்கள். டிடக்டிபிள் என்பது இன்ஷூரன்ஸ் பணம் போக நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. அப்படி வாக்குக் கொடுப்பதை நெப்ராஸ்கா சட்டம் தடை செய்திருக்கிறது. ஏணி போட்டு ஏற விடாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். பிறகு உள்ளூரில் பல வருஷமாகக் கடை வைத்திருக்கும் இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். வெளிமாநில நம்பர் பிளேட்டோடு வந்த வண்டி, அடுத்த ஊரில் ஆலங்கட்டி விழுந்ததும் அங்கே போய்விடும். உங்கள் கூரை ஒழுகும்போது தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

வாட்ச் இல்லாத நாளில் குழந்தை தாராளமாக விளையாடட்டும். இடிச் சத்தம் கேட்டதும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் திரும்ப வெளியே விட வேண்டாம்.