நகைக்கும் சேர்த்து 15 லட்சம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி ஒன்பது வருடம். ஒன்றரை வருடத்துக்கு மேல் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஏழு வயதில் மகள். கணவர் 24 தறி ஓட்டுகிறார், கேட்டால் வருமானமே இல்லை என்கிறார். தோட்டம் மாமனார் பெயரில். எனக்குப் போட்ட 60 பவுன் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. “கோர்ட்டு எதுக்குங்க, நகைக்கும் சேர்த்து 15 லட்சம் வாங்கிக்கிட்டு பத்திரத்துல எழுதி முடிச்சுக்கலாம்” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பெரியவர்கள் பேசுவதில் தப்பில்லை, பேச்சை ஆரம்பித்து வைக்க அவர்கள் நல்ல ஆட்கள்தான். ஆனால் முத்திரைத்தாளில் “இனி எங்களுக்குள் ஒன்றுமில்லை” என்று இருவரும் எழுதிக்கொண்டால் திருமணம் ரத்தாகிவிடாது. வழக்கப்படி தீர்த்துவிடுவதை இந்து திருமணச் சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று பிறகு நீங்கள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று நாளைக்கு யாராவது கிளப்பலாம்.

முதலில் நகைக் கணக்கைப் பாருங்கள். 60 பவுன் என்றால் 480 கிராம். கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால்கூட 43 லட்சத்தைத் தாண்டுகிறது. “நகைக்கும் சேர்த்து 15 லட்சம்” என்பது உங்கள் பொருளில் மூன்றில் ஒரு பங்கை உங்களுக்கே திருப்பித் தருவது. போட்ட நகை சீதனம், அது உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஜீவனாம்சத்தில் அதைக் கலக்க விடாதீர்கள். ரூபாயாகவும் கேட்காதீர்கள், பவுனாகவே கேளுங்கள். கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது, சீர் எழுதிய நோட்டு, அப்பாவின் வங்கிக் கணக்கு இவற்றிலிருந்து உருப்படி வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். தறிக் கடனுக்காக நகையை அடகு வைத்திருந்தால், எந்த வங்கி, யார் பெயர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டுத் தருவது அவர் பொறுப்பு என்று, பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவோடு கோர்ட்டில் வைக்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

அடுத்து, “வருமானமே இல்லை” என்கிற பேச்சு. தறிக்காரர் குடும்பங்களில் இது வழக்கமான பதில். 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கேட்கும் எல்லா வழக்கிலும் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அதில் பொய் சொன்னால் மாட்டவைக்க ஆதாரம் வேண்டும். தறிக்கூடத்தின் மின் இணைப்பு எண்ணைக் கண்டுபிடியுங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால் பில் தொகை குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாறாமல் யூனிட்டைப் பாருங்கள். தறி எத்தனை ஷிப்ட் ஓடியது என்பது அதில் தெரிந்துவிடும். நூல் கொடுத்து நெசவுக்கூலி தருகிற ஜவுளிக்காரர் டிடிஎஸ் (கூலியிலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், அது உங்கள் கணவரின் வரிப் பிடித்தக் கணக்கான படிவம் 26ஏஎஸ்-இல் பதிவாகியிருக்கும். அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி உங்கள் வக்கீல் மனுப் போடலாம்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, கணவர் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. மாமனார் தானே சம்பாதித்து வாங்கியிருந்தால் அதில் கைவைக்க முடியாது. பாட்டன் வழிச் சொத்தாக இருந்தால், கணவரின் பங்கை அவருடைய தரும் சக்தியில் சேர்த்துக் காட்டலாம். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் ஆன்லைனில் எடுத்தால், கடைசி இரண்டு வருடத்தில் ஏதாவது கைமாறியதா என்பதும் தெரியும்.

இனித் தொகை. 15 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்பு நிதியில் போட்டால் மாதம் 8,750 ரூபாய் வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவம் என்று உங்கள் மாதச் செலவை எழுதி, அதிலிருந்து மேலே கணக்குப் போடுங்கள். கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அது எல்லாருக்கும் பொருந்தும் சூத்திரமல்ல. மொத்தத் தொகையா, மாதாமாதமா என்றால், தறித்தொழிலில் வரவு ஏறி இறங்கும், மாதத் தொகை நின்றால் ஒவ்வொரு முறையும் அதை வசூலிக்க நிறைவேற்று மனுப் போட வேண்டும். எனவே மொத்தமாக வாங்குவதே மேல்.

மகளின் கணக்கு தனி. குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை அம்மா விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. பள்ளிக் கட்டணம், கல்லூரி, வருடாவருடம் எத்தனை சதவீதம் கூடும், அப்பா பார்க்க வரும் ஞாயிறு எது, பொங்கல் விடுமுறை யாரிடம் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். “பிறகு பேசிக்கொள்ளலாம்” என்று விட்ட இடத்தில்தான் அடுத்த வழக்கு முளைக்கும்.

பெரும்பாலான பெண்கள் ஏமாறுவது தொகையில் அல்ல, எது முன், எது பின் என்பதில். பரஸ்பர சம்மத விவாகரத்து மனு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் வரும். ஒரு வருடம் பிரிந்திருந்தால் போடலாம். முதல் மனுவுக்கும், இருவரும் கோர்ட்டில் மறுபடி சம்மதத்தை உறுதிசெய்யும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே ஆறு மாதம் இடைவெளி உண்டு. பிரிந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்து, எல்லாம் பேசி முடிந்துவிட்டால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பானது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் நகை மனுவுக்கு முன்பே, எடை போட்டு, சாட்சி கையெழுத்தோடு வர வேண்டும். பணத்தில் ஒரு பகுதி மனுத் தாக்கல் அன்று, மீதி இரண்டாம் கட்டத்தன்று நீதிபதி முன்னால். இரண்டும் டிமாண்ட் டிராப்டாக இருக்கட்டும், காசோலை வேண்டாம், ரொக்கம் வேண்டவே வேண்டாம். வீடோ மனையோ தருவதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்பே தானசெட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகட்டும். கணவன் மனைவிக்குள் என்றால் முத்திரைத்தீர்வையில் சலுகை உண்டு. தீர்ப்புக்குப் பிறகு கிரயமாக எழுதினால் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேரும்.

நீங்கள் ஏற்கெனவே வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்து வழக்குப் பதிவாகியிருந்தால், அதைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து முடிக்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். அதற்கான உங்கள் சம்மதப் பிரமாணப் பத்திரம் கடைசித் தவணை கணக்கில் ஏறிய பிறகே கைமாற வேண்டும். அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பேச்சு இழுத்தால் காத்திராமல் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு மனுப் போடுங்கள். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம்.

அவர்கள் கூட்டிவரும் “பொது வக்கீல்” வேண்டாம், உங்களுக்கென்று தனி வக்கீல் வையுங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது வக்கீல் தொழில் விதிக்கே விரோதம், எனவே நிலையான தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள். கட்ட வசதியில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். திருப்பூர் மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், ஆதார் நகலோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.