‘பாஸிட்டி’ என்றால் அபூர்வமா, பற்றாக்குறையா?

ஆங்கிலச் செய்திகளில் ‘பாஸிட்டி ஆஃப் ஃபண்ட்ஸ்’ என்று வருகிறதே, அதற்கு என்ன பொருள் என்பது கேள்வி. எழுத்துகள் பி, ஏ, யு, சி, ஐ, டி, ஒய். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு இதற்கு உறவே கிடையாது.

தேவைக்குப் போதாத அளவில் இருப்பதுதான் பாஸிட்டி. லத்தீனில் ‘சில’, ‘கொஞ்சம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் குறைவைச் சொல்கிறதே தவிர, அபூர்வத்தைச் சொல்வதில்லை.

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். சந்தையில் மீன் இருக்கும், ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் வராது; சீலா மீன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். இதுதான் பாஸிட்டி. அதே கடலில் கடல்பசுவும் உண்டு. அது கண்ணில் படுவது அபூர்வம். அதற்குச் சொல் ‘ரேரிட்டி’. சீலாவை யாராவது அபூர்வப் பிராணி என்பார்களா?

பெரும்பாலும் பின்னால் ‘ஆஃப்’ சேர்ந்தே வரும்: சான்று, தகவல், நிதி என்று எது போதவில்லையோ அது அடுத்து வரும். தீர்ப்புகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் பொருந்தும். வீட்டில் உப்புக் குறைந்ததற்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ‘ஷார்ட்டேஜ்’ போதும்.

அப்புறம், பலர் இதை ‘அறவே இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘பாஸிட்டி ஆஃப் எவிடன்ஸ்’ என்றால் சான்று இருக்கிறது, போதவில்லை என்றுதான் பொருள்.