சிறையிலிருந்து வரும் வழக்குகள்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மடைத் தகராறில் என் தம்பியை வெட்டிய பக்கத்து வயல்காரர் தண்டனையாகி திருச்சி மத்திய சிறையில் இருக்கிறார். அங்கிருந்தே வக்கீல் வைத்து, என்மீதும் சாட்சி சொன்னவர்கள்மீதும் முன்சீப் கோர்ட்டில் நாலு வழக்குப் போட்டுவிட்டார். எல்லாம் அதே மடைதான். இரண்டு தள்ளுபடியாகியும் விடவில்லை. கைதி வழக்கே போட முடியாதபடி செய்ய வழியுண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தண்டனையானதால் சிவில் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. அமெரிக்காவில் 1996 முதல் கைதிகளுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. மூன்று வழக்கு வெற்று வழக்கென்று தள்ளுபடியானால், அடுத்ததற்கு முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டியாக வேண்டும். உடலுக்குப் பெரிய ஆபத்து நெருங்கியிருந்தால் மட்டும் விலக்கு. நம்மிடம் அப்படியொன்று இல்லை.

அந்த இரண்டும் எப்படித் தள்ளுபடியாயின என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. வாய்தாவில் இரு தரப்பும் வராமல் தள்ளுபடியானால், காலக்கெடு தாண்டாதவரை அவர் மறுபடி போடலாம். உங்கள் தரப்பு ஆஜராகி அவர் தரப்பு வராவிட்டால், அதே வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்குக் காரணமான அதே சங்கதியை வைத்து, புது வழக்குப் போட முடியாது. அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லித்தான் அவர் மனுப்போட வேண்டும். ‘ஆள்தான் உள்ளே இருக்கிறாரே’ என்று நம் வக்கீலும் போகாமல் இருப்பது அவருக்குச் செய்கிற உபகாரம். பிராதை, அதாவது அவர் கொடுத்த வழக்கு மனுவை, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 7 ரூல் 11இல் நிராகரிக்கச் செய்தாலும் புதுப் பிராது கொடுக்கத் தடையில்லை. விசாரித்துத் தீர்ப்பானால்தான், முடிந்த விஷயத்தை மறுபடி வழக்காடத் தடைசெய்யும் பிரிவு 11 குறுக்கே நிற்கும். வாபஸ் வாங்குகிறேன் என்று மெமோ போட்டால், ‘மறுபடி தாக்கல் செய்ய அனுமதியுடன்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே ஆட்சேபியுங்கள். பொய் வழக்குப் போட்டவரிடம் வாங்கித் தரும் பிரிவு 35ஏ செலவுத்தொகையை நம்பாதீர்கள். உச்சவரம்பு 3,000 ரூபாய். ஒரு ஏக்கர் நடவுக்கே காணாது.

நீங்கள் கேட்கும் தடைக்கு 1949ஆம் ஆண்டு சென்னைச் சட்டம் ஒன்று உண்டு. நியாயமான காரணமின்றித் தொல்லை வழக்குப் போடுவதையே வழக்கமாக வைத்திருப்பவர்மீது, மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீங்கள் நேரடியாகப் போக முடியாது. அவருக்கு விண்ணப்பிக்கத்தான் முடியும். ஒவ்வொரு வழக்கின் பிராதுக்கும் தீர்ப்புக்கும் சான்று நகல் வாங்கி, வழக்கு எண், கேட்ட பரிகாரம், முடிவு மூன்றையும் பட்டியலாக இணையுங்கள். உத்தரவு கிடைத்தால், மாவட்ட நீதிபதியின் அனுமதியில்லாமல் அந்தக் கைதி உங்கள் பக்கத்துக் கோர்ட்டில் சிவிலோ கிரிமினலோ போட முடியாது. மீறிப் போட்டது தள்ளுபடியாகும். முகாந்திரம் உள்ள வழக்குக்கு அனுமதி கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டு தள்ளுபடியை மட்டும் வைத்து ‘வழக்கமாக’ என்று நிரூபிப்பது கடினம். மிச்சமுள்ள இரண்டும் முடியட்டும். தண்டனையை எதிர்த்த அப்பீலையும் ஜாமீன் மனுவையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை அவருக்குச் சட்டம் கொடுத்த வழிகள், சேர்த்தால் உங்கள் மனுதான் பலவீனப்படும்.