பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறப்ப முகப்பை மட்டும் காப்பாத்தினா போதுமா? நிலநடுக்கம் வந்தா தாங்குமா?

தாத்தா காலத்து ஓட்டு வீடு, முகப்பை அப்படியே விட்டுட்டு உள்ள மட்டும் மாத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. மரமும் மரமும் சேருற இடத்துலதான் அந்த வீட்டோட உயிரே இருக்கு.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம். எங்க ஊர் பழைய வீட்டுல அண்ணாந்து பாத்தா, சுவர் மேல உத்தரம், அதுல வந்து உக்கார்ற கழுக்கோல் (ஓட்டைத் தாங்குற சாய்வு மரம்), அந்தக் கழுக்கோல்ல எல்லாம் துளை போட்டு குறுக்க ஓடுற வளை, ஆப்பு வச்சு இறுக்கினது, மொத்தக் கூரையும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனா இந்த மர வேலையை ஆற அமர பாக்கலாம். இதெல்லாம் நிலநடுக்கத்துக்குன்னே கட்டினதுன்னு நான் சொல்ல வரல, ஆனா தரை ஆடும்போது ஒரு வீட்டைக் காப்பாத்துறது இந்தப் பிடிப்புதான்.

நம்ம பக்கம் எங்க நிலநடுக்கம்னு கேப்பாங்க. 1900 பிப்ரவரியில கோயம்புத்தூர்ல பெருசாவே வந்திருக்கு, 2000 டிசம்பர்ல கேரளாவுல ஈராட்டுப்பேட்டையில வந்தது ரிக்டர்ல 5 அளவு.

கட்டடம் எவ்வளவு கனமோ அவ்வளவு விசை அதுமேல வரும், கனமான சுவர் மூலையில பிளந்து வெளிய சாயும். காஷ்மீர்ல தஜ்ஜி தேவாரின்னு ஒரு முறை இருக்கு, மரச்சட்டத்துல சின்னச் சின்ன கட்டம் போட்டு நடுவுல கல்லும் மண்ணும் அடைப்பாங்க, ஆடும்போது அதெல்லாம் உள்ளுக்குள்ளயே உரசி வேகம் செலவாகிடும், விரிசலும் ஒரு கட்டத்தோட நின்னுடும். 2005 அக்டோபர் நிலநடுக்கத்துல இந்த வீடுகள் நல்லா தாங்கினதைப் பாத்துட்டு, பாகிஸ்தான் பக்கம் மறுபடி வீடு கட்ட அரசாங்கமே இந்த முறையை ஏத்துக்கிச்சு. 2001ல குஜராத் கட்ச்ல வந்த நிலநடுக்கத்துல மூலையே இல்லாத வட்டமான மண் வீடுகள், புங்கான்னு சொல்லுவாங்க, அதுல நிறைய நின்னுச்சு.

அதுக்காக பழசுன்னாலே பாதுகாப்புன்னு நம்பிடாதீங்க. 1993 நிலநடுக்கத்துல மகாராஷ்டிராவுல கில்லாரியில ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தது பழைய கல்வீடுகள்லதான், கல்லுச் சுவரோட ரெண்டு பக்கத்தையும் கோத்துப் பிடிக்க குறுக்குக்கல் கிடையாது, மேல கனமான மண் கூரை வேற.

எனக்கு ரொம்ப வலிக்கிறது காஷ்டமண்டபம்னு ஒரு பழைய மர மண்டபம். காத்மாண்டுல 2015 நிலநடுக்கத்துல அது இடிஞ்சு விழுந்தப்ப உள்ள ரத்ததான முகாம் நடந்துட்டு இருந்துச்சு. அப்புறம் தோண்டிப் பாத்தா பல நூறு வருஷத்து அஸ்திவாரம் நல்லாத்தான் இருக்கு, நடுத்தூண் நாலுல ஒண்ணு மட்டும் அதோட அடிக்கல்லுல சரியா உக்காரல, 1960கள்ல நடந்த புதுப்பிப்புல விட்டுப்போனது. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு என்ன தெரியும், அழகா நின்னுட்டுத்தானே இருந்துச்சு.

இங்கயும் அதுதான் நடக்குது. சுவர் பழசு, நல்ல உறுதின்னு சொல்லி ஓட்டை எடுத்துட்டு கான்கிரீட் போடுறாங்க. 5 அங்குல கான்கிரீட்டுன்னா சதுர மீட்டருக்கு 300 கிலோ, ஓடு மட்டும்னா 50 கிலோ கூட வராது. மண்ணு, சுண்ணாம்புல கட்டின சுவர் மேல அவ்வளவு பாரத்தை ஏத்தி, பிடிச்சிருந்த மரத்தையும் உருவிட்டா அந்த வீடு முன்னைவிட ஆபத்துதான். எங்க வீட்டு வேலைக்கு வந்த மூத்தாசாரி, அதாவது தலைமைத் தச்சர், சொன்னது, "கழுக்கோல் உளுத்தா மாத்திக்கிடலாம் மக்ளே, ஹால் பெருசாத் தெரியணும்னு வளைய அறுத்துப் போடாத."

மண் சுவர்ல சிமெண்டு பூசாதீங்க, ஈரம் உள்ளயே தங்கி சுவருக்குள்ள இருக்கிற உத்தரத்து முனை உளுத்துடும், சுண்ணாம்பே போதும். இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால ஓடு மாத்திடுங்க, கரையான் பாருங்க. பிடிப்பே இல்லாத மண் சுவருன்னா சுத்தி மரச்சட்டத்தால பட்டை கொடுக்கலாம், மண் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 13827லயே அதுக்கு முறை இருக்கு. கூரையைப் பிரிக்கிற நாள்ல ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, இந்த வேலை தெரிஞ்ச ஆசாரி பிள்ளைங்க பலபேர் இப்ப மாடுலர் கிச்சன் வேலைக்குப் போயிட்டாங்க, அதனால கான்ட்ராக்டர்கிட்ட அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு மூத்தாசாரியைக் கூட்டிட்டு வந்து கூரையைக் காட்டுங்க.