மட்டக்களப்பில் படம் எடுப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இருபத்திரண்டு வருசமாகக் கல்யாண வீடும் சாமத்திய வீடும் (பெண் பிள்ளை பெரியவளான சடங்கு) எடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. மிச்ச நாளெல்லாம் சந்தை, வாவி, கோயில், கூத்துக் களரி என்று எங்கட ஊரை எடுத்துக்கொண்டு திரிகிறேன். அதைப் பற்றி நிறையப் பேர் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், ஒரே இடத்தில் பதில் சொன்னால் எல்லோருக்கும் உதவும். கல்யாண விலை கேட்பவர்கள் போனில் பேசுங்கள், இங்கே வேண்டாம்.

கேள்வி (செங்கலடி): அண்ணன், புதிதாகத் தொடங்குகிறேன். எந்தக் கமரா வாங்கலாம்?

கையில் இருக்கும் போனோடு மூன்று மாதம் தினமும் எடுங்கள் தம்பி. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பழைய கமரா உடல் ஒன்றும் 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் போதும். பெரிய சூம் லென்ஸ் முதலில் வேண்டாம், அது ஆளைத் தூரத்திலேயே நிற்கப் பழக்கிவிடும்.

கேள்வி (கொழும்பு): கல்லடிப் பாலத்தில் மீன் பாடுவதைப் படமாக எடுக்க என்ன செட்டிங்?

அது காதுக்கான விசயம், வாவித் தண்ணீருக்குள் இருந்து கேட்கும் சத்தத்தைத்தான் மீன் பாடுகிறது என்கிறோம். நிலவு நாளில் தோணிக்காரர் ஒருவரோடு போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மறுமுனையில் காதை வையுங்கள். பிறகு தோணிக்காரர் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை எடுத்தால் அதுதான் படம்.

கேள்வி (வந்தாறுமூலை): எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம் வருகிறது. இரவில் எடுத்தால் படமெல்லாம் கோடு கோடாக வருகிறது, முகமும் தெளிவில்லை. பகலில் ஒருமுறை ஆடச் சொல்லி எடுக்கலாமா?

முதலில் கோடு. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் செக்கனுக்கு நூறு தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தைச் செக்கனில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்றில் வையுங்கள், கோடு போய்விடும். வேகமான ஆட்டத்தில் கால் கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், சதங்கை கட்டின கால் கல்லு மாதிரி நின்றால் அது கூத்தில்லை. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவைக் கூட்டுங்கள், படம் கொஞ்சம் மணல் மணலாக வந்தாலும் பரவாயில்லை. பிளாஷ் மட்டும் வேண்டாம், ஆடுகிறவர் கண்ணுக்குள் அடித்தால் அவருக்கு அடி பிசகும்.

இரண்டாவது, நிற்கும் இடம். கூத்து ஆடும் வட்டக்களரியில் முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்றில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில், கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார், சனம் நாலு பக்கமும். அதனால் நீங்கள் களரியைச் சுற்றி ஓடத் தேவையில்லை. ஓரிடத்தில் குந்தியிருந்தால் ராசா உங்களிடம் வருவார், போவார், திரும்பவும் வருவார். இரண்டு சுற்றுப் பார்த்தாலே எந்த அடியில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பிடிபடும், மூன்றாவது சுற்றுக்கு விரலை வைத்துக் காத்திருங்கள். குந்தியிருந்து எடுத்தால் கரப்புடுப்பு என்ற அந்த வளைய உடுப்பின் விரிவும் தலைக் கிரீடமும் ஒரே படத்துக்குள் அடங்கும், பின்னால் இருக்கும் கிழவிமாரை மறைக்கவும் மாட்டீர்கள்.

பகலில் ஆடச் சொல்லாதீர்கள். ஒருமுறை நானே அண்ணாவியார் ஒருவரிடம் கேட்டு, அவரும் மறுக்க மனமில்லாமல் பின்னேரம் நாலு மணிக்கு ஆடவைத்தார். முகப்பூச்சு, உடுப்பு, வெளிச்சம் எல்லாம் சரியாக இருந்தது. பார்க்கச் சனமில்லை, சால்வை போர்த்த மாமன் இல்லை, அந்தப் படங்களில் உயிரும் இல்லை. அதில் ஒன்றைக்கூட நான் வைத்திருக்கவில்லை. அதற்குப் பதிலாக இப்போதே கூத்துப் பழகும் இடத்துக்குப் போங்கள். கொப்பியைப் பார்த்துப் பாட்டுப் பாடமாக்கும் பெடியன், பகல் முழுக்க வயல் வேலை செய்துவிட்டு வந்து சாரத்தை மடித்துக் கட்டி அடி பழகுபவர், சதங்கை அணியும் அன்று மகன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், இதெல்லாம் அரங்கேற்றத்தன்று கிடைக்காது. அப்புறம் அரங்கேற்றம் முடியும்வரை இருங்கள். விடியப்புறம் வேர்வையில் பூச்சுக் கரைந்து, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும் ராசாவை நான் ஒருமுறைதான் எடுத்திருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரே கூத்துப் படம் அதுதான்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): நல்ல வெளிச்சம் எப்போது, எங்கே?

எங்கட முன்னோர் ஊர்ப் பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை, மேற்கே அது படும் படுவான்கரை. காலையில் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள், முகத்தில் நேரே வெயில். பின்னேரம் வாவிக்கரை, வீச்சு வலை எறிபவர் கறுப்பு உருவமாக நிற்பார், வலை மட்டும் ஒளிரும். கல்லடியில் 2013இல் திறந்த புதுப் பாலத்தில் நின்றால் பழைய இரும்புப் பாலமும் வாவியும் சேர்ந்து வரும். ஆனால் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், வாகனம் நிற்காமல் வரும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே எடுக்காமல் சந்தைக்குள் போங்கள், கூரை ஓட்டையால் விழும் வெளிச்சம் தயிர்ச் சட்டிகளில் படும்போது பாருங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி ஏதோ இருக்கிறது.

பூஞ்சணம். மாரிக் காலத்தில் இங்கே காற்றே ஈரம், கமராவைத் தோல் பைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினால் கட்டாயம் வரும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் இலேசாக நனைத்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து உப்பை எடுங்கள். உங்கள் லென்ஸைத் திருத்துபவரிடம் கொடுங்கள், நீங்களே கழற்றாதீர்கள்.

கேள்வி (ஆரையம்பதி): எந்தக் கமரா நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (காத்தான்குடி): நோன்பு காலத்தில் எங்கள் ஊரை எடுக்க வருவீர்களா? ஏதும் யோசனை?

வருவேன் தம்பி, ஆனால் என்னைவிட நீங்கள் எடுத்தால்தான் நல்லது. பேரீச்ச மரம் நிற்கும் பிரதான வீதியை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு முன்னால் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவரின் கையை எடுங்கள், நோன்பு திறக்கப் பத்து நிமிசம் இருக்கும்போது வெறிச்சோடும் தெருவை எடுங்கள். பெண்கள் பக்கத்தை உங்கள் தங்கச்சியோ மனைவியோ எடுக்கட்டும். யாராக இருந்தாலும் கேட்டு எடுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்? ட்ரோன் விடலாமா?

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், கோயில் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். இரண்டும் இருந்தாலும் அவ்வளவு சனத்தின் தலைக்கு மேல் நான் விடமாட்டேன். விடியற்காலையில் போய்ப் படிக்கட்டில் ஒரு ஓரம் பிடியுங்கள், எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கைகள், தகப்பன் தோளில் இருக்கும் பிள்ளைகள், இதற்கே ஒரு காலை போதாது. ஈரச் சேலையோடு ஏறிவரும் பெண்களை எடுக்காதீர்கள். எடுத்தாலும் அழித்துவிடுங்கள்.

கேள்வி (அதே ஆள்): அது பொது இடம்தானே? ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். நான் எடுத்தால் மட்டும் என்ன பிழை?

பார்த்தவர் வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார். படம் மறக்காது, முகநூலில் போட்டால் தெரியாத ஆயிரம் பேர் பெருப்பித்துப் பார்ப்பார்கள். அவர் சாமிக்குத்தான் நனைந்தார்.

கருத்து (ஒரு தங்கச்சி, ஏறாவூர்ப்பற்று): இதை நான் எழுதாமல் விட முடியாது. எங்கள் அம்மாவின் அப்படியொரு படம் இரண்டு வருசத்துக்கு முதல் வட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்குப் பிறகு அம்மா தீர்த்தத்துக்குப் போவதில்லை. என் அண்ணன்தான் போத்தலில் தீர்த்தத் தண்ணீர் கொண்டுவருவான், அதைத் தலையில் தெளித்துக்கொள்வார்.

இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. எழுதியதற்கு நன்றி தங்கச்சி.

கேள்வி (கல்முனை): நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தெருவில் ஒரு படமும் எடுக்க முடியாது. கேட்டால் ஆட்கள் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், இயல்பு போய்விடும்.

இது நியாயமான கேள்வி. நானும் பாதிப் படங்களைக் கேட்காமல்தான் எடுக்கிறேன். ஆனால் எடுப்பது வேறு, போடுவது வேறு. எடுத்த கையோடு போய்க் காட்டுங்கள், "வேண்டாம்" என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். காட்ட முடியாத படமென்றால் அது உங்கள் டிஸ்க்கோடு இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். பல வருசத்துக்கு முதல் அதே தீர்த்தத்தில் ஒரு இளைஞனை எடுத்தேன். முட்டளவு தண்ணீரில் நின்று தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கழிக்கிறான், கண்ணை மூடியிருக்கிறான், விரல் நுனியில் இருந்து எள்ளுத் தண்ணீர் சொட்டுகிறது. நல்ல படம். அன்று பின்னேரமே போட்டுவிட்டேன், நிறையப் பேர் பகிர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவன் என்னைத் தேடி வந்தான். தகப்பன் யுத்த காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. தாய் அன்றுவரை பொட்டை அழிக்கவில்லை, அவர் வருவார் என்றுதான் இருந்திருக்கிறார். மகனுக்கு மனது கேட்காமல், தாய்க்குச் சொல்லாமல், முதல் தடவையாக வந்து கடன் கழித்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் போனில் தாய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்.

அவன் என்னை ஏசவில்லை. "அண்ணன், அதை எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னான். எடுத்துவிட்டேன், ஆனால் தாய் பார்த்ததை எடுக்க முடியாதே. முன்னாலேயே போய் "தம்பி, இதைப் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வீட்டில் அது நடந்திருக்காது. அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர், முதலில் கேட்டவர்): சரி அண்ணன். விளங்குது. கையை மட்டும் எடுக்கிறேன்.

நல்லது. எடுத்தால் எனக்கும் காட்டுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): கெனனா நிக்கனா?

இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்குப் போய் இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள், எது கைக்கு அடங்குகிறதோ அதை வாங்குங்கள். இனிக் கமராக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி (கொக்கட்டிச்சோலை): வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கை எடுக்கலாமா?

கோயிலுக்குக் கோயில் வேறுபடும். அங்கே பூசை செய்யும் கப்புகனாரிடம் கேளுங்கள். உள்ளே கூடாது என்றால் கூடாதுதான், வெளியே பொங்கல் பானைகளும் உடுக்குச் சத்தத்துக்கு உட்கார்ந்திருக்கும் சனமும் இருக்கிறார்கள். தெய்வம் ஆடுபவர் முகத்துக்குக் கிட்டே கமராவைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (கனடா): எங்கள் வீடு கல்லடியில் கடலோரம் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு எல்லா அல்பமும் போய்விட்டது. அப்பாவின் ஒரு படம்கூட இல்லை. அந்தக் காலத்துக் கல்லடிப் படங்கள் உங்களிடம் இருக்கிறதா?

அக்கா, என்னிடம் இருப்பது அலைக்குப் பிறகு எடுத்தவைதான். திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்றதெல்லாம் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்று தெரியும். ஒரு வழி சொல்கிறேன். அப்பா போன கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். பொண்ணு மாப்பிள்ளையோடு சேர்ந்து நின்று படம் எடுக்காத ஆளே இங்கே கிடையாது, அந்த அல்பங்கள் மற்றவர்கள் வீட்டில் இருக்கும். படுவான்கரைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள், அலை அங்கே போகவில்லை. இப்படித் தேடி மூன்று குடும்பத்துக்கு முகம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். கூட்டப் படத்தில் நகமளவுக்குத்தான் இருக்கும், ஆனாலும் அதை ஸ்கான் பண்ணிப் பெருப்பிக்கலாம். ஊரையும் சொந்தக்காரர் பெயரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கேட்கிறேன். காசு வேண்டாம்.

கேள்வி (ஓட்டமாவடி): வெள்ளத்தில் அல்பம் நனைந்து ஒட்டிவிட்டது. என்ன செய்யலாம்?

இழுத்துப் பிரிக்காதீர்கள். ஸ்டூடியோவில் கழுவி எடுத்த பழைய படமென்றால் சுத்தமான குளிர் தண்ணீரில் ஊறவிடுங்கள், மெல்ல மெல்லத் தானாக விடும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்ததைத் தண்ணீரில் போடாதீர்கள், மை கரையும். பிரிந்த படத்தை முகம் மேலே இருக்க நிழலில் காயவையுங்கள், வெயில் வேண்டாம். காய்ந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருசம் என்று எழுதுங்கள். பேனை வேண்டாம், அழுத்தினால் முன்பக்கத்தில் முகத்தில் தழும்பு விழும்.