மறுமொழி: குறும்படத் தொடக்கத்தில் பேயைக் கண்டு சிரிக்கிறார்கள்

பனங்கூடலுக்குள் வெள்ளைச் சீலைப் பேய் பாயேக்க சனம் சிரிக்குது என்று எழுதியிருந்தீங்கள். பேயில் பிழையில்லை. முதல் 10 செக்கனுக்குள் அது வாறதுதான் பிழை. எது காவல் என்று முதலில் காட்டினால்தான், அது குலையேக்க நெஞ்சு பதறும். 1973இல் வந்த ‘எக்ஸோர்சிஸ்ட்’ என்ற ஆங்கிலப் பேய்ப்படம் வட ஈராக்கில் பாங்கொலியோடும் அகழ்வாய்வோடும் தொடங்குது; பிள்ளையைப் பேய் பிடிக்கிறது எவ்வளவோ பிறகு.

எங்கடை சனத்துக்குக் காவல் வைரவர் சூலமும் விளக்கும். முதல் ஷொட் அதுதான், 20 செக்கன், கமரா அசையக்கூடாது. அடுத்தது அதே கோணம்: விளக்கு நூர்ந்திருக்கு, சூலத்தில் கட்டின பட்டுத்துணியைக் காணேல்லை.

இசையை எடுத்துவிடுங்கோ. 2011இல் இலங்கையில், உடம்பில் கிறீஸ் பூசின ஆக்கள் இரவில் வந்து தாக்கினம் என்று சனம் நடுங்கின ‘கிறீஸ் பூத’க் காலத்தைக் கண்டவைக்கு, இரவில் குரைச்ச நாய் சட்டென்று அடங்கிறதே போதும். அந்தப் பயம் வீட்டு முற்றம் வரைக்கும் வந்த பயம். நாய்ச் சத்தத்தையும் காவோலைச் சரசரப்பையும் தனித்தனியாக 2 நிமிடம் பதியுங்கோ; மைக்குக்கு உறை போடாவிட்டால் காற்று உறுமிக் கெடுக்கும்.

பொழுதுபட்டு 15 நிமிடத்துக்குள் எடுங்கோ, பிந்தினால் படம் புள்ளி புள்ளியாக வரும். கும்பிடுகிற சூலத்தைத் தொடாதேங்கோ. தகரத்தில் ஒன்று வெட்டிச் செய்யுங்கோ.